பப்பாளியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

இந்த முறை கணினி, கிரிக்கெட், செமஸ்டர் புலம்பல் எதுவும் இல்லை நண்பர்களே. கொல்லைப்புறத்துக்குப் போகிறோம். "என்னடா திடீர்னு விவசாயம்?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரே பதில்தான். துவாக்குடியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மதில் மேல் ஒரு பப்பாளியோ கொய்யாவோ முருங்கையோ எட்டிப் பார்க்கிறது. இந்த வெயிலிலும் மக்கள் விடாமல் மரம் வைக்கிறார்கள். அப்படி வைத்த எல்லோருமே ஏதோ ஒரு நாள் இலையைத் திருப்பிப் பார்த்து "ஐயையோ, பூச்சி!" என்கிறார்கள். அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வழக்கமாக நடப்பது இதுதான். நேராக உரக்கடை. "அண்ணே, பப்பாளியில பூச்சி, நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க." என்ன பூச்சி? "வெள்ளையா இருக்குண்ணே." அவ்வளவுதான் விசாரணை. ஒரு பாட்டில் கைக்கு வந்துவிடும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், "உடம்புல ஏதோ இருக்கு, ஏதாவது மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்போமா? கேட்க மாட்டோம். மரத்துக்கு மட்டும் கேட்கிறோம்.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். பூச்சிக்கொல்லியை "மருந்து" என்கிறோம். மருந்து என்றால் குணப்படுத்தும் பொருள். அந்தப் பாட்டிலில் இருப்பது எந்த மரத்தையும் குணப்படுத்தாது. உயிரைக் கொல்லும், அவ்வளவுதான். எந்த உயிரை என்று அதற்குத் தெரியாது. அடிப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

என் கட்சி இதுதான்: பூச்சியின் பெயர் தெரியாமல் வீட்டு மரத்தில் எதையும் தெளிக்கக் கூடாது. பெயர் தெரிந்துவிட்டால், பெரும்பாலும் தெளிக்க வேண்டிய தேவையே இருக்காது. சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது.

2008 ஜூலை. கோயம்புத்தூர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகம். பப்பாளியில் இதுவரை இந்தியாவில் பார்க்காத ஒரு மாவுப்பூச்சி இருப்பது தெரிய வந்தது. அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். தொண்ணூறுகளில் கரீபியன் தீவுகளுக்கும், 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும், பிறகு பசிபிக் தீவுகளுக்கும் பரவி, அப்படியே நம்மிடம் வந்து சேர்ந்த விருந்தாளி. அதே 2008-ல் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் கூட இது பதிவாகியிருக்கிறது.

ஒரு பெண் பூச்சி நூறிலிருந்து அறுநூறு முட்டைகள் வரை பஞ்சு போன்ற பைக்குள் இடும். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம்தான். பப்பாளியோடு நிற்கவும் இல்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, ரோட்டோரப் பார்த்தீனியம் என்று கண்டதிலெல்லாம் ஏறியது. 2009-ல் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பட்டு வளர்ப்பவர்கள் புழுவுக்குப் போட இலை இல்லாமல் தவித்தார்கள். பப்பாளித் தோட்டங்களையும் மல்பெரித் தோட்டங்களையும் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

மருந்து அடிக்கவில்லையா என்றால், அடித்தார்கள். திரும்பத் திரும்ப அடித்தார்கள். ஆனால் மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. முட்டையைச் சுற்றிப் பஞ்சுப்பை இருக்கிறது. கூட்டமாக இலை அடியிலும் காய்களின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். தெளித்த திரவம் பாதி உள்ளே போவதில்லை. தப்பித்த முட்டைகள் பொரித்து அடுத்த மாதம் மறுபடி வெள்ளை. நடுவில் செத்தது யார்? மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகள். அவற்றுக்கு மெழுகும் இல்லை, பஞ்சுப்பையும் இல்லை.

திருப்பம் பெயரால் வந்தது. இது இன்ன பூச்சி என்று தெரிந்த உடனே, இதன் சொந்த ஊரில் இதை அடக்கி வைப்பது யார் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஏனென்றால் அமெரிக்க வேளாண் துறை அதற்கு முன்பே மெக்சிகோவிலிருந்து சில குட்டிக் குளவிகளைக் கண்டுபிடித்து, பியூர்டோ ரிக்கோவில் வளர்த்து வைத்திருந்தது. அங்கிருந்து 2010-ல் மூன்று வகைக் குளவிகள் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனத்துக்கு வந்தன. தனிமைப்படுத்தி வைத்து, வேறு நல்ல பூச்சிகளைத் தாக்குமா என்று சோதித்து, 2010 அக்டோபரில் கோவையில் விட்டார்கள். பிறகு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது.

மூன்றில் நன்றாக நிலைத்தது அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். உடல் நீளம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. மாவுப்பூச்சியின் இளம் பருவத்துக்குள் தன் முட்டையைச் செருகும். புழு உள்ளேயிருந்தே தின்று வளரும். கடைசியில் காய்ந்த கூடு மட்டும் மிஞ்சும், அதில் வட்டமாக ஒரு ஓட்டை. புதிய குளவி வெளியே போன வாசல் அது. சில மாதங்களில் தமிழ்நாட்டில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளில் இதனால் இந்தியாவுக்குக் கிடைத்த நன்மை குறைந்தது 50 கோடி டாலர் என்று 2014-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. மெழுகைத் துளைக்க முடியாத பாட்டில்கள் செய்யாததை, கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி செய்தது.

இப்போது நம்ம ஊர் மதிலுக்குத் திரும்புவோம். அந்தக் குளவி எங்கேயும் போய்விடவில்லை, இங்கேயே நிலைத்துவிட்டது. மாவுப்பூச்சி இன்றும் அங்கங்கே தலைகாட்டும், குளவியும் பின்னாலேயே வரும். நடுவில் நாம் போய் பாட்டிலைத் திறந்தால் முதலில் சாவது குளவி. சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் வாட்ச்மேனை அடித்துப் போட்டுவிட்டு, "திருட்டுப் பயம் ஜாஸ்தி" என்று புலம்புவது போல.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை! கிரிப்டோலேமஸ் என்று ஒரு பொறிவண்டு. ஆஸ்திரேலியாக்காரர். 1898-லேயே காப்பித் தோட்டங்களுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். இதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல்களோடு, பார்க்க அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆனால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் புழு. வித்தியாசம் சுலபம்: மாவுப்பூச்சியை விடப் பெரிதாக, நூல்கள் நீளமாக, தொட்டால் விறுவிறுவென்று ஓடினால் அது பொறிவண்டுப் புழு. இன்னொன்று ஸ்பால்ஜிஸ் என்ற சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழு. அதுவும் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து விருந்து சாப்பிடும். இதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் குட்டிக் குரங்கு முகம் தெரியும். நம்பாதவர்கள் தேடிப் பாருங்கள் :-) "வெள்ளையா இருக்குண்ணே" என்ற ஒரே அடையாளத்தை வைத்து அடித்தால், போலீசும் திருடனும் சேர்ந்து போவார்கள்.

அப்படியானால் பப்பாளி மாவுப்பூச்சியை எப்படி உறுதி செய்வது? உடல் மஞ்சள், மேலே வெள்ளைப் பொடி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒன்றிரண்டைப் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் நீலம் கலந்த கருப்பாக மாறும். பாராகாக்கஸ் குடும்பத்துக்கே உரிய அடையாளம் இது. கெமிஸ்ட்ரி லேப் இல்லாமல் கெமிஸ்ட்ரி!

பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. மாவுப்பூச்சியின் சொந்தக்காரப் பூச்சி ஒன்றிலிருந்துதான் கொச்சினீல் என்ற விலை உயர்ந்த சிவப்புச் சாயம் எடுப்பார்கள். அது சப்பாத்திக்கள்ளியில் வாழும். ஸ்பெயின்காரர்களுக்குப் போட்டியாக இங்கேயே சாயம் எடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால் வந்தது சாயப்பூச்சி இல்லை, அதன் தம்பி! உருப்படியாகச் சாயம் தரவில்லை. மாறாக ஒரு வகைக் கள்ளியையே தின்று தீர்த்தது. அது தொடாமல் விட்ட இன்னொரு வகைக் கள்ளி தென்னிந்தியாவில் பெருகி, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு தம்பியைக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. மூன்றும் நம் கண்ணுக்கு ஒரே மாதிரி வெள்ளைப் பஞ்சு. எதைத் தின்னும் என்பது மட்டும் வேறு வேறு. பூச்சி உலகத்தில் பெயர் என்பது வெறும் பெயர் இல்லை, குணம்.

பப்பாளி மட்டும்தானா? மற்ற மரங்களிலும் இதே கதைதான்.

மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பழத்துல புழு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சதையில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அது பழ ஈ. வெளியில் பழம் அழகாக இருந்து, கொட்டைக்குள் கருப்பாக ஒரு வண்டு உட்கார்ந்திருந்தால் அது கொட்டைக் கூன்வண்டு. இரண்டுக்கும் வைத்தியமே வேறு. பழ ஈயின் புழு பழத்திலிருந்து மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் விழுந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கி ஆழமாகப் புதைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு மெத்தில் யூஜினால் பொறி. இந்தப் பொருளின் வாசனைக்கு ஆண் ஈக்கள் மயங்கி வரும் என்பதைக் கண்டறிந்தவர், பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஹவ்லெட் என்ற ஆங்கிலேயர். 1915-ல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே வாசனைதான் பொறிகளில் இருக்கிறது. ஆனால் கூன்வண்டுக்கு இந்தப் பொறி தண்டம். கீழே விழுந்த காய்களையும் கொட்டைகளையும் சேர்த்து அழிப்பதுதான் அதற்கு வழி. புழு உள்ளே போனபின் வெளியில் எதைத் தெளித்தும் பயனில்லை என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

மாதுளைக் காயில் ஓட்டை போடுவது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. காய் சின்னதாக இருக்கும்போதே துணிப்பையோ காகிதப்பையோ கட்டிவிட்டால் கதை முடிந்தது. கொய்யாவுக்குப் பழ ஈயிடமிருந்தும் இதே பை காவல். பழைய வேட்டியைக் கிழித்தால் ஒரு மரத்துக்குப் போதும்.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தபின் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி, ஒரு வாடையும் விடும். பெரிய மரத்துக்கு நாலு இலை போனால் ஒன்றுமில்லை. சின்னக் கன்றாக இருந்தால் கையால் எடுத்துவிட்டால் போதும். ஐந்து புழுவுக்கு அரை லிட்டர் விஷமா?

தென்னை, கொய்யா, வாழை இலைகளின் அடியில் வட்ட வட்டமாக வெள்ளைச் சுருள் கோலம் இருந்தால் அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்தது. இதற்கும் ஒரு குட்டிக் குளவி உண்டு, பெயர் என்கார்சியா. இதை யாரும் விமானத்தில் கொண்டுவரவில்லை, இங்கேயே இருந்தது! வேளாண் துறையின் பரிந்துரையே ரசாயனத்தைத் தவிர்த்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள் என்பதுதான். கீழ் இலைகளில் கருப்பாகப் படிவது நோய் இல்லை. பூச்சி விடும் இனிப்புக் கழிவின் மேல் வளரும் கரும்பூசணம். பூச்சி குறைந்தால் அதுவும் போய்விடும். பூசணத்துக்கென்று தனி மருந்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள் :-(

இந்த இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் வரும். எறும்பு மாவுப்பூச்சிக்குப் பாடிகார்டு வேலை பார்க்கும், பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். அதனால் மரத்தில் எறும்பு சாரைசாரையாக ஏறினால், மேலே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்டுபிடிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது. தண்டைச் சுற்றி ஒட்டும் பட்டை கட்டி எறும்பை நிறுத்தினாலே, பொறிவண்டு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது எதிர்வாதம். "நீ பாட்டுக்குப் பேசிட்டுப் போயிடுவ, விவசாயி பட்டினி கிடக்கணுமா?" நியாயமான கேள்வி. கடன் வாங்கி ஐந்து ஏக்கர் போட்டவரின் கணக்கு வேறு. அவருக்கு நான் உபதேசம் செய்யவில்லை. 2008-லிருந்து 2010 வரை குளவி வரும் வரை காத்திருந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் நஷ்டப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் வீட்டு மரத்தின் கணக்கு அது இல்லை. பத்து கொய்யாவில் இரண்டை அணிலும் புழுவும் தின்றால் நமக்கு என்ன குடியா முழுகிவிடும்? மாறாக, வீட்டில் ஆபத்து அதிகம். தோட்டத்தில் மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வீட்டில் காலையில் அடித்த மரத்திலிருந்து சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் பறித்துத் தின்பான். துணி காயும் கொடி அங்கேதான், குடிக்கும் தண்ணீர்க் கிணறும் அங்கேதான்.

அடித்தது போக மிச்சம் எங்கே போகிறது? பரணில். பாட்டிலின் லேபிள் உரிந்துபோய், ஒரு நாள் யாரோ அதில் வேறு எதையோ ஊற்றி வைப்பார்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை செய்யப்பட்ட அதே பூச்சிக்கொல்லி. ஒரு பப்பாளி மரத்துக்காக இப்படி ஒரு பாட்டிலை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது எந்தக் கணக்கில் லாபம்?

அதற்காக "இயற்கை என்றால் எல்லாம் நல்லது" என்று சொல்லும் கோஷ்டியிலும் நான் இல்லை. புகையிலைக் கஷாயம் பாட்டி சொன்னதுதான், ஆனால் அதில் இருப்பது நிகோடின், நல்ல விஷம். நிஜமாகவே ஏதாவது தெளிக்க வேண்டிய நிலை வந்தால், படி இப்படி: முதலில் பூச்சி மொய்த்த இலையை வெட்டி எரிப்பது அல்லது புதைப்பது (ரோட்டில் வீசினால் அடுத்த வீட்டுக்குப் பார்சல்). அடுத்து தண்ணீரைப் பீய்ச்சுவது. அதற்கும் மசியாவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்கால நேரத்தில். அதையும் முதலில் நாலு இலையில் அடித்து, இலை கருகவில்லை என்று பார்த்துவிட்டு. பூத்திருக்கும்போது வேண்டாம், தேனீ வரும்.

பெயர் தெரியவில்லையா? கேட்க நமக்கு ஆள் பஞ்சமே இல்லை. இந்தத் திருச்சி மாவட்டத்திலேயே வாழைக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி, சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம். கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பூச்சியோடு ஒரு இலையை இறுக்கக் கட்டிய பிளாஸ்டிக் கவரில் எடுத்துக்கொண்டு போனால் போதும். செல்போனில் இலையின் அடிப்புறத்தைக் கிட்டத்தில் ஒரு படம், எறும்பு இருந்தால் அதற்கும் ஒரு படம். இவ்வளவு பேரை விட்டுவிட்டு, பூச்சியைப் பார்க்காமலே பாட்டில் கொடுப்பவரிடம் மட்டும் ஏன் முதலில் போகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. குறை கடைக்காரரிடம் இல்லை. அவர் விற்பதற்காக உட்கார்ந்திருக்கிறார். இந்த நிறுவனங்கள் பெரிய விவசாயிகளுக்கு மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் குறை. அவர்களும் வருஷத்துக்கு ஒரு நாள் நகராட்சியோடு சேர்ந்து "உங்கள் வீட்டு இலையைக் கொண்டு வாருங்கள்" என்று துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் ஒரு முகாம் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அவர்களுக்கும் லாபம்தான். புதுப் பூச்சி ஏதாவது ஊருக்குள் வந்தால் முதலில் தெரிவது வீட்டுத் தோட்டத்தில் கூட இருக்கலாம். வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2020-ல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து, அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வரவழைக்க வேண்டியிருந்தது.

வகுப்புத் தோழர்களுக்குக் கடைசியாக நம் பாஷையில் ஒன்று. 1947-ல் ஹார்வர்டில் ஒரு கணினி தகராறு செய்தபோது, திறந்து பார்த்தார்கள். ரிலேக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து நோட்டில் ஒட்டி, தேதி போட்டு எழுதி வைத்தார்கள். மெஷின் மேல் எண்ணெய் ஊற்றவில்லை, சுத்தியலால் தட்டவில்லை. புரோகிராம் ஓடவில்லை என்றால் நாமும் எர்ரர் என்ன என்று படித்துவிட்டுத்தானே கை வைக்கிறோம்? அம்மா "பப்பாளியில பூச்சி" என்று போன் பண்ணினால், "என்ன பூச்சிம்மா? இலையைத் திருப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று கேளுங்கள். கடைக்குப் போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.